காதர் அண்ணன் மறந்ததும் நான் சொன்னதும்

1

மலேசியாவில் ஈப்போவுக்கு வந்து மூன்று வருஷம் முடிந்தது. வேலை பாஸைப் புதுப்பிக்க இந்த முறை தனியாகப் போனேன்.

தாள்களையெல்லாம் கம்பெனி முகவரே கொடுத்துவிடுவார். ஆனாலும் ஒரு காலைப்பொழுது ஆள் நேரில் போய் முகத்தைக் காட்டி, எண் வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். முந்தைய இரண்டு முறையும் பக்கத்து நாற்காலியில் காதர் அண்ணன் இருந்தார். பத்து காஜா சாலையில், நம் ஊர் வீச்சு பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் கடை நடத்துபவர். என் மலாய் மீது அவருக்கு அவ்வளவு அவநம்பிக்கை. கடையை ஆளிடம் விட்டுவிட்டுக் கூடவே வந்துவிடுவார். முதல் வருஷம், கவுண்டரில் இருந்த அம்மாள் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்க, நான் கெட்டிக்காரனைப் போல "திடாக்" என்றேன். இல்லை என்று அர்த்தம். அந்த அம்மாள் சிரித்தார். காதர் அண்ணன் என் தொடையில் தட்டினார்.

"இல்லன்னு சொல்லாத லா தம்பி. 'பெலும்'னு சொல்லு. இன்னும் இல்லன்னு அர்த்தம். ஆண்டவன் தொறக்கப்போற கதவ நீ ஏன் சாத்துற?"

இந்த வருஷம் அதே கேள்விக்குச் சரியாக "பெலும்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. மதம் கேட்டார்கள், கிறிஸ்தவன் என்றேன், எழுதிக்கொண்டார்கள். பாஸ் கைக்கு வந்ததும் வண்டி தானாகப் பத்து காஜா பக்கம் திரும்பியது. சிக்னல் வரை போய்விட்டுத் திருப்பிக்கொண்டேன்.

அண்ணன் நலமாகத்தான் இருக்கிறார். அந்த நேரம் கல்லுக்கு முன்னால் நின்று மாவை வீசிக்கொண்டிருந்திருப்பார். அவர் முகத்தில் விழிக்க எனக்குத்தான் முடியவில்லை. அன்று அறைக்கு வந்து எழுதத் தொடங்கியது இது. பெயர்களையும் சாலையையும் மாற்றியிருக்கிறேன். யாரும் தேடிக்கொண்டு போக வேண்டாம்.

2

என்னைப் பற்றி ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பாளையங்கோட்டையில் ஓய்வுநாள் பள்ளி, வேதாகம வினாடிவினா, மனப்பாட வசனப் போட்டி என்று எங்கே மேடை போட்டாலும் ஏறிவிடுகிற பையன். ஒரு கேள்வி கேட்டு முடிப்பதற்குள் கையைத் தூக்குகிறவன். அந்தக் கை இங்கே வந்தும் இறங்கவில்லை.

வேலை, சிம்பாங் பூலாயில் சுண்ணாம்புக்கல்லைப் பொடியாக்கும் ஆலையின் ஆய்வுக்கூடத்தில். மலையைக் குடைந்து லாரியில் கொண்டுவந்து கொட்டுவார்கள். நான் அதன் வெண்மையை அளந்து எழுதுவேன். சாயங்காலம் தலைமுடியைத் தட்டினால் ஐம்பது வயது குறையும். ஞாயிற்றுக்கிழமை கோயில். அது ஒரு பழைய ரப்பர் தோட்டத்தின் நடுவே இருக்கிறது. தோட்டம் என்று சொல்லத்தான். மரங்கள் போய், லயன் வீடுகள் போய், ஓட்டு வீடுகள் வரிசையாக வந்துவிட்டன. காலையில் ஆட்களைக் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுத்த பெரட்டுக் களத்தில்தான் கோயிலின் வாகன நிறுத்தம்.

வாலிபர் கூட்டத்தை நடத்துபவன் டேனியல். குளிர்சாதனம் பழுது பார்க்கிறவன், என் வயதுதான், ஆனால் ஊரிலிருந்து வந்தவன் என்பதற்காக என்னை அண்ணே என்பான். அவனுடைய தாத்தா இதே தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அந்த வாலிபர்கள் தமிழில் உருகிப் பாடுவார்கள். திரையில் ஓடும் வரிகள் மட்டும் ஆங்கில எழுத்தில் இருக்கும். வேதாகமத்தைக் கையில் கொடுத்து ஒரு வசனம் வாசி என்றால் பக்கத்தில் இருப்பவனைப் பார்ப்பார்கள். முதல் மாதம் நான் இதைக் குறையாகப் பேசி, டேனியலிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"எங்களுக்கு அது கேக்குற பாஷைண்ணே. படிக்கிற பாஷ இல்ல. ஏன், கேட்டா ஏறாதா?"

அவன்தான் ஒரு நாள் கேட்டான். பள்ளியில் முஸ்லிம் பிள்ளைகள் சமய வகுப்புக்குப் போகும்போது நம் பிள்ளைகள் நன்னெறி வகுப்புக்குப் போகிறார்கள். திரும்பி வந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் பேச்சு எழுகிறது: உங்களுக்கு வேதம் எப்படி வந்தது, எங்களுக்கு எப்படி வந்தது. நம் பிள்ளைகளுக்குப் பதில் தெரியவில்லை. "நீங்க படிச்சவரு. கிறிஸ்தவத்துலயும் இஸ்லாத்துலயும் கடவுள் எப்படித் தன்னைக் காட்டுறாரு, அத ஒரு அரைமணி நேரம் நம்ம பிள்ளைங்களுக்கு மட்டும் பேசுங்க. நம்ம கூட்டத்துக்குள்ள."

கேட்ட மறு நிமிஷம் சரி என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

3

அன்றிரவே ஒரு தாளில் நடுவே கோடு போட்டேன். இந்தப் பக்கம் வேதாகமம், அந்தப் பக்கம் குர்ஆன். இந்தப் பக்கம் இயேசு, அந்தப் பக்கம் நபி. கோடு நேராக இருந்தது, எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. மறுநாள் சாயங்காலம் தாளோடு காதர் அண்ணன் கடைக்குப் போனேன்.

அஸர் தொழுகைக்குப் பிறகு அந்தக் கடையில் கொஞ்ச நேரம் கூட்டம் இருக்காது. சமையலறைக்குப் போகும் வழியில் உள்ள மேசையில் அவருடைய மகள் சுமையா உட்கார்ந்து ஓதுவாள். பதினைந்து வயது. குர்ஆன் முழுவதையும் மனனம் செய்துகொண்டிருந்தாள். மாலை வகுப்பில் உஸ்தாஸா என்கிற ஆசிரியையிடம் ஒப்பிப்பதற்கு முன் அத்தாவிடம் ஒரு முறை ஒப்பித்துவிட்டுப் போவாள். அண்ணன் கையில் புத்தகம் இருக்காது. கண்ணை மூடி, மாவு காய்ந்த விரல்களை மடித்து உட்கார்ந்திருப்பார். எங்காவது அவள் பிசகினால் "மறுபடி" என்பார். அவள் திரும்ப ஓதுவாள், தலையசைப்பார். அவர் சிறு வயதில் மதரஸாவில் இருந்து முழுதும் மனனம் செய்த ஹாபிழ் என்று அந்தத் தெருவுக்கே தெரியும். ஒவ்வொரு அத்தியாயத்தின் தொடக்கத்திலும் அவள் ஒரே வரியைச் சொல்வதைக் கவனித்து அது என்ன என்று கேட்டிருக்கிறேன். அளவில்லாத அருளும் இரக்கமும் உள்ளவனின் பெயரால் என்று அர்த்தம், ஒரே ஒரு அத்தியாயம் தவிர எல்லாமே அப்படித்தான் தொடங்கும் என்று சொல்லியிருந்தார்.

தாளை நீட்டினேன். பார்த்தார்.

"ரசூலுல்லாவ ஈசாவுக்கு நேரா போட்டிருக்க. ரெண்டு பக்கமும் அடிக்க வருவாங்க லா."

"ஏண்ணே, ரெண்டு பேரும் வேதம் கொண்டுவந்தவங்கதானே?"

"எங்க ஆளு அவரா ஒண்ணும் பேசல. அல்லாகிட்டேருந்து வஹீ வந்துச்சு, வந்தத ஓதுனாரு. ஒரு எழுத்து கூட்டல, ஒரு எழுத்து கொறைக்கல. உங்கள்ல எப்படி?"

எங்களுக்கு நாலு பேர் நாலு விதமாக எழுதினார்கள் என்றேன். ஒருவர் சொன்னதை ஒருவர் விட்டிருப்பார்.

"நாலு பேரும் ஒண்ணா உக்காந்து பேசி ஒண்ணா எழுதியிருக்கக் கூடாதா?"

"நாலு சாட்சியும் ஒரே வார்த்தையச் சொன்னா ஜட்ஜு சந்தேகப்படுவாருண்ணே."

"ஐயோ, வக்கீலுக்குப் படிச்சிருக்கணும் நீ. சுண்ணாம்பு அளக்க வந்துட்ட."

அடுத்த சில வாரங்கள் என் வாழ்க்கையின் நல்ல வாரங்கள். ஆலையில் கல்லை அளந்துகொண்டே யோசிப்பேன், சாயங்காலம் அவரிடம் கொட்டுவேன். இயேசு பேசிய மொழி ஒன்று, சுவிசேஷம் எழுதப்பட்ட மொழி இன்னொன்று; ஆக எங்கள் வேதம் முதல் நாளிலேயே மொழிபெயர்ப்பு. அதனால்தான் தமிழில் இருந்தாலும் அதை வேதம் என்கிறோம். அவர்களுக்கோ அரபு மொழியில் இறங்கியதுதான் குர்ஆன். தமிழில் இருப்பது அதன் பொருள், தர்ஜுமா. நான் என் வேதாகமத்தில் பென்சிலால் கோடு போடுவேன், பையில் செருப்போடு திணிப்பேன். அவர் கைகால் முகம் கழுவி ஒளுச் செய்யாமல் அதைத் தொடமாட்டார், அலமாரியின் உச்சியில் துணி சுற்றி வைத்திருப்பார். மரியாதையில் யார் கூட யார் குறைச்சல் என்பதல்ல விஷயம். ஒரு நாள் உலைக்களம் போலக் கொதிக்கிற மத்தியானத்தில் சட்டென்று புரிந்தது: நான் புத்தகத்தைப் புத்தகத்தோடு ஒப்பிட்டதுதான் தப்பு. எங்களுக்குக் கடவுளின் வார்த்தை ஒரு மனிதனாக வந்தது. புத்தகம் அவரைப் பற்றிய சாட்சி. அவர்களுக்குக் கடவுளின் வார்த்தை ஓதலாக இறங்கியது. நபி அதைச் சுமந்து வந்தவர். அப்படியென்றால் இயேசுவுக்கு நேரே எழுத வேண்டியது நபியை அல்ல, குர்ஆனை.

வேலை முடிந்த கையோடு ஓடினேன். "அண்ணே, உங்களுக்கு ஓதல் இருக்கிற எடத்துல எங்களுக்கு ஒரு ஆள் இருக்காரு."

அவர் தே தாரிக் தேநீரை ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்கு உயரத் தூக்கி ஊற்றிக்கொண்டிருந்தார். ஊற்றி முடித்து, கொஞ்சம் நின்று, "அப்ப ஞாயித்துக்கெழம ஒரு துண்டு ரொட்டி திங்கிறீங்களே, அவரு ஒடம்புன்னு. எங்களுக்கு அது ஓதுறதா?" என்றார்.

அவர்களுக்கு மனனம் என்பது எங்களுக்கு இராப்போஜனம் மாதிரி. கடவுளின் வார்த்தை உடம்புக்குள் போய்த் தங்குகிற இடம். இதை நான் ஒத்துக்கொண்டேன், மெச்சினேன், தாளில் எழுதியும் வைத்தேன். எழுதி வைத்தவனுக்கு அது புரியவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

4

அவர் அதைச் சொன்னது ஒரு மழைச் சாயங்காலத்தில். சுமையா வகுப்புக்குப் போய்விட்டாள். கடையில் ஆளில்லை. நான் பேதுருவின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். குருவைத் தெரியவே தெரியாது என்று மறுதலித்த சீஷன்; சேவல் கூவியதும் அழுதவன். "அத எழுதாம விட்டிருக்கலாம்லண்ணே? தலைவரோட கேவலத்த வேதத்துல போட்டு வெச்சிருக்காங்க. எங்களுக்கு அவமானமும் வெளிப்பாட்டோட சேர்ந்துதான் வரும்."

அவர் மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எனக்கு இப்ப ஞாபகம் இல்ல தம்பி."

"எது?"

"குர்ஆனு. பதினாறு வயசுல முழுசா இருந்துச்சு. அப்பறம் கடைக்கு வந்தேன். காலையில மாவு, ராத்திரி பாத்திரம். நாளைக்கு ஓதுவோம், நாளைக்கு ஓதுவோம்னு. ஒரு வருஷம் நோன்புல தொழ வைக்கக் கூப்பிட்டாங்க, நின்னேன், பாதியில ஒண்ணுமே வரல. தொண்டை சரியில்லன்னு சொல்லிட்டேன். அதுலேருந்து எல்லா நோன்புக்கும் தொண்டை சரியில்ல."

"சுமையா ஓதுறப்ப..."

"அவ கொரல் எங்க தடுமாறுதோ அங்க 'மறுபடி'ம்பேன். அவளே சரி பண்ணிக்குவா. நான் கேக்குற மாதிரி உக்காந்திருப்பேன்." சிரிக்கப் பார்த்தார். "அவ என்னப் பாத்துத்தான் ஆரம்பிச்சா. அத்தா மாதிரி ஆவணும்னு. எங்க வீட்டுக்காரிக்கே தெரியாது."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே எனக்குப் பெருமையாக இருந்தது. இதை இவர் என்னிடம் சொல்லிவிட்டார் என்ற பெருமை.

5

வாலிபர் கூட்டத்தில் இருபது பேர் இருந்திருப்பார்கள். வர முடியாதவர்களுக்காக டேனியல் கைப்பேசியில் பதிவு செய்தான். நான் நன்றாகப் பேசினேன். அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை. இரண்டு பத்திகளைத் திரையில் போட்டு, முதல் கோட்டை அழித்து, புதிய கோட்டைப் போட்டுக் காட்டியபோது பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒரு பெண் மலாயில் குறிப்பெடுத்தாள்.

பிறகு மனனத்துக்கு வந்தேன். ஒரு உதாரணம் தேவைப்பட்டது. எனக்குத் தெரிந்த ஒருவர், ரொட்டிக் கடை வைத்திருப்பவர், முழுக் குர்ஆனையும் மனனம் செய்தவர், இன்று மறந்துபோய் அந்தப் பாரத்தைச் சுமக்கிறார், மகள் ஓதும்போது கேட்பது போல உட்கார்ந்திருக்கிறார் என்றேன். பெயர் சொல்லவில்லை. இவ்வளவுதான் சொன்னேன். அவர் மேல் இருந்த அன்பினால், வேதத்தை உடம்பில் சுமப்பது எத்தனை கடினம் என்று காட்டத்தான் சொன்னேன்.

கூட்டம் முடிந்து நசி லெமாக் சாப்பிட்டோம். டேனியல் என் தோளில் கை போட்டு, "செம்ம அண்ணே, அந்தக் கடசி பகுதிதான் எங்களுக்கு ஏறுச்சு" என்றான்.

6

அடுத்த சனிக்கிழமை கடைக்குப் போனபோது சமையலறை வழியில் இருந்த மேசை மேல் முட்டை அட்டைகளை அடுக்கியிருந்தார்கள்.

"சுமையா எங்கண்ணே?"

"வரல."

"காய்ச்சலா?"

"காய்ச்சல் எனக்கு லா. உன் பிரசங்கம் கேட்டேன். நல்லா பேசுற. கையெல்லாம் ஆட்டி."

மாவை வீசினார். அது காற்றில் விரிந்து கல்லில் விழுந்தது. நான் முதலில் சொன்ன வார்த்தை மன்னிப்பு அல்ல.

"நான் பேரு சொல்லலையேண்ணே."

"பத்து காஜா ரோட்டுல ரொட்டிக்கடை வெச்சிருக்குற ஹாபிழு எத்தன பேரு? எனக்குத் தெரியல. நீதான் கணக்கெல்லாம் போடுற ஆளு."

பதிவு வாலிபர் குழுவிலிருந்து ஒருத்தியின் பள்ளித்தோழிக்குப் போய், அவளிடமிருந்து சுமையாவின் வகுப்புக்குப் போயிருக்கிறது. யாரும் கெட்ட எண்ணத்தில் அனுப்பவில்லை. ஒரு பிள்ளை, "இது உங்க அத்தா கடையா?" என்று சும்மா கேட்டிருக்கிறாள்.

சுமையா வீட்டுக்கு வந்து அழவில்லையாம். கோபப்படவும் இல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள். அதைச் சொல்லும்போது அண்ணன் அடுப்பை அணைத்தார்.

"நான் தப்பா ஓதுனப்பல்லாம் நீங்க தலையாட்டுனீங்களா அத்தான்னு கேட்டா."

அதற்கு அவர் என்ன பதில் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. மனனத்தில் ஒரு பிழை உட்கார்ந்துவிட்டால் கிளப்புவது கடினம். பல மாதமாக அவள் அத்தாவின் தலையசைப்பை நம்பி ஓதியிருக்கிறாள். உஸ்தாஸாவிடம் போய் முதல் பாகத்திலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சரிபார்க்க வேண்டும் என்று அவளே கேட்டுக்கொண்டாளாம். அத்தாவிடம் இனி ஒப்பிப்பதில்லை.

"அண்ணே, வர்ற ஞாயித்துக்கெழம எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னு மன்னிப்புக் கேக்குறேன்."

"அதயும் படம் புடிப்பாங்களா?"

அணைத்த அடுப்பை மறுபடி பற்றவைத்தார்.

"உங்களுக்கு எல்லாத்தையும் எழுந்து நின்னு சொல்லணும் தம்பி. நாங்க மூடி வெப்போம். தப்ப மூடுறவனும் அல்லாதான். அவன் இத்தன வருஷம் மூடி வெச்சத உன்கிட்ட நானே தொறந்தேன். அது என் புத்தி." ஒரு ரொட்டியைத் தட்டில் வைத்து என் முன்னால் தள்ளினார். "சாப்பிடு. சாப்பிட்டுப் போ."

எத்தனையோ முறை அந்தக் கடையில் சாப்பிட்டிருக்கிறேன். அந்த ரொட்டியை மட்டும் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

7

அதற்குப் பிறகு நான் அதிகம் யோசித்தது என் அம்மாவைப் பற்றி.

எங்கள் கோயிலில் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. ஊரில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு எட்டு வயதிருக்கும்போது அப்பா எழுந்து நின்று தன் குடியைப் பற்றிச் சாட்சி சொன்னார். ஒரு ராத்திரி சோற்றுப் பானையை முற்றத்தில் எறிந்ததையும், அம்மா அதைப் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது என்ன சொல்லித் திட்டினார் என்பதையும், கர்த்தர் தன்னை எப்படித் தூக்கி எடுத்தார் என்பதையும். கோயிலே அழுதது. வெளியே வந்ததும் எல்லோரும் அப்பாவின் கையைக் குலுக்கினார்கள். எனக்கு அப்படி ஒரு பெருமை. அம்மா பெண்கள் பக்கத்தில் முந்தானையைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டு, கூட்டம் கலையும்வரை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள். ஜெபிக்கிறாள் என்று நினைத்தேன்.

போன மாதம் தொலைபேசியில் கேட்டேன். "அன்னைக்கு ஜெபமாம்மா பண்ணிட்டிருந்த?"

"எப்போல?"

சொன்னேன். "அவுக சாட்சிய அவுக சொன்னாக. என்னய யாரு கேட்டா?" என்றாள். பிறகு, ஆலையில் தூசிக்கு முகக்கவசம் போடுகிறேனா என்று விசாரித்தாள்.

வெளிப்பாட்டைப் பற்றி அரைமணி நேரம் பேசிய எனக்கு இதுவரை தோன்றாத ஒன்று அப்போது தோன்றியது. பேதுருவின் மறுதலிப்பு வேதத்தில் இருப்பதால், பிற்காலத்தில் பேதுருவே அதைச் சொல்லியிருக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அது சாட்சி. பேதுரு ஒரு மழை நாளில் நண்பனிடம் சொன்னதை அந்த நண்பன் மேடை ஏறிச் சொன்னால் அதற்குப் பெயர் வேறு. கடவுள் தன்னைத்தானே காட்டுவதுதான் வெளிப்பாடு. இரண்டு மதமும் இதில் ஒன்று. யாரும் அவரை இழுத்து வைத்துக் காட்டிவிட முடியாது. எங்கள் வார்த்தை மனிதனாகத் தானே வந்தது. அவர்கள் வார்த்தை ஓதலாகத் தானே இறங்கியது. நானோ ஒருவர் மூடி வைத்திருந்ததை அவரைக் கேட்காமல் திறந்தேன்.

இன்னொன்றும் உறைத்தது. அவர் மறந்ததை நான் மனப்பாட வசனத்தை மறந்ததுபோல எடுத்துக்கொண்டிருந்தேன். வசனத்தை மறந்தால் பென்சில் பரிசு போகும், அவ்வளவுதான். மனனம் அவர்களுக்கு இராப்போஜனம் என்று தாளில் எழுதிய கையால், அந்த அப்பம் அவர் கையிலிருந்து நழுவி விழுந்ததை ஒரு உதாரணமாக எடுத்துப் பேசினேன்.

டேனியலிடம் பதிவை அழிக்கச் சொன்னேன். "என் போன்ல அழிச்சுட்டேண்ணே. மத்த போனுக்கு நான் எங்க போவேன்?" என்றான். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "எங்க தாத்தா காலத்துலேருந்து அவங்க கடையிலதான் பசியாறுறோம். எங்கப்பா இப்ப சுத்திக்கிட்டு வேற கடைக்குப் போறாரு. என்ன விஷயம்னு எங்கம்மா கேக்குறாங்க, எனக்குச் சொல்ல வாய் வரல" என்றான்.

8

மேலே இருப்பதையெல்லாம் எழுதி முடித்ததும், கேட்காமல் இதை எங்கும் அனுப்பக் கூடாது என்ற புத்தியாவது வந்திருந்தது. அஸர் முடிந்த நேரமாகப் பார்த்துப் போனேன். சுமையா கல்லாவில் உட்கார்ந்து பள்ளிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து மரியாதைக்குத் தலையசைத்தாள். வகுப்புக்கு ஒழுங்காகப் போகிறாளாம், முதல் மூன்று பாகம் சரிபார்த்தாகிவிட்டதாம். கடையில் ஓதுவதில்லை.

"ஊர்ல ஒரு பத்திரிகைக்கு எழுதியிருக்கேண்ணே. நீங்க வேணாம்னா கிழிச்சுப் போட்டுடுவேன்."

"என்னப் பத்தியா?"

"என்னப் பத்தி. நீங்க வர்றீங்க."

துண்டில் கையைத் துடைத்தார். கல்லாவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, என்னைப் பின்வாசலுக்குக் கூட்டிப்போனார். எண்ணெய் டின்கள் மேல் எதிரெதிரே உட்கார்ந்தோம். வாசிக்க வாசிக்கக் கேட்டார். இரண்டு இடங்களில் கையை உயர்த்தி, "இது வேணாம், எடு" என்றார். அவர் மனைவியைப் பற்றி ஒன்று, மதரஸாவைப் பற்றி ஒன்று. எடுத்துவிட்டேன். ரொட்டி வீசுகிற இடத்தில், "காத்துல விரியலைன்னா அது ரொட்டி இல்ல லா, அதையெல்லாம் எழுதிக்கிட்டு" என்றார்.

ஐந்தாம் பகுதி வந்தது. வாசித்து முடித்து ஆறுக்குப் போனேன்.

"நிறுத்து. அங்க இன்னும் இருக்கு."

"எங்கண்ணே?"

"நீ பேசுனதுல. 'கேக்குற மாதிரி உக்காந்திருக்காரு'ன்னு சொன்னதுக்கு அப்பறம்."

எனக்குத் தெரியும். எழுதும்போதே தெரியும். கை அந்த இடத்தில் ஒரு நொடி நின்றதும், அன்பினால் சொன்னேன் என்று எழுதி மேலே போனதும் தெரியும்.

"அத நான் விட்டுட்டேண்ணே."

அவர் தன் மடியைப் பார்த்துக்கொண்டே, மெதுவாக, என்னுடைய மேடைத் தமிழில், நான் எங்கே நிறுத்தி எங்கே குரலை ஏற்றினேனோ அங்கேயே நிறுத்தி அங்கேயே ஏற்றிச் சொன்னார். ஒரு எழுத்து கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"சுமையா ஸ்கூலுக்குப் போனப்பறம் அந்த வீடியோவப் போட்டுப் போட்டுக் கேட்டேன். எல்லாம் மறந்துபோற மண்ட இது. இது மட்டும் நிக்கிது பாரு."

இரக்கத்தின் பெயரால் தொடங்குகிற அத்தியாயங்களைப் பற்றி எனக்குச் சொன்னவர் அவர். அவரைத்தான் இரக்கமே இல்லாத ஓர் இடத்தில் நிறுத்திக் காட்டி, இருபது பிள்ளைகள் முன் ஜெயித்தேன். டேனியல் ஏறியது என்று சொன்ன கடைசிப் பகுதி அதுதான்.

"மன்னிச்சுருங்கண்ணே" என்றேன். எழுந்து நிற்கவில்லை. மெதுவாகத்தான் சொன்னேன்.

"அனுப்பு" என்றார். "தப்பா ஓதுனா அப்படியே விடக் கூடாது. திரும்ப சரியா ஓதணும். பேர மட்டும் மாத்து."

பேனாவை எடுத்து ஐந்தாம் பகுதியின் ஓரத்தில் அந்த வரியைச் செருகப் போனேன்.

"அங்க வேணாம். நடுவுல போட்டா தாண்டிப் போயிருவாங்க. கடேசியில போடு."

கடையில் யாரோ கூப்பிட்டார்கள். அவர் எழுந்து போனார். நான் எண்ணெய் டின் மேல் உட்கார்ந்தே எழுதினேன். அன்று அந்தப் பிள்ளைகளிடம் நான் சொன்னது இது:

"அந்த மனிதருக்கு, மறந்ததை மன்னிக்க ஒருவரும் இல்லை. நமக்கோ இரக்கமுள்ள தேவன் இருக்கிறார்."